துணை த்ரெட் மட்டும் ஏன் விழுகிறது? ஸ்டாக் நிரம்பும் பிழைகளை அறிகுறி வழியே பிடிப்பது

ஒரு ஃபங்ஷன் முதன்மை த்ரெட்டில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டங்களில் முதலாவதில்) ஆயிரம் முறை ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. அதையே ஒரு துணை த்ரெட்டிடம் ஒப்படைத்தால் முதல் அழைப்பிலேயே நிரல் விழுகிறது. உள்ளீடு அதே, நிரல்வரிகள் அதே, கணினியும் அதே. இந்த இடத்தில் பலர் பூட்டுகளைச் சந்தேகித்து மியூடெக்ஸுக்கு மேல் மியூடெக்ஸாகப் போடுகிறார்கள். இன்னும் சிலர் ஸ்டாக்கின் (ஃபங்ஷன் அழைப்புகளும் உள்மாறிகளும் வாழும், த்ரெட்டுக்கு ஒன்றான நினைவக இடத்தின்) அளவை எட்டு மடங்கு உயர்த்துகிறார்கள்; நிரல் விழாமல் நின்றதும் கடையைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாவது வழிதான் அதிகக் கெடுதல். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

நான் பின்பற்றும் வரிசை வேறு. ஸ்டாக் நிரம்பினால் அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே நிரல் சத்தமாக விழும்படி முதலில் செய்துகொள்வேன். யார் எவ்வளவு இடம் தின்கிறார்கள் என்று அடுத்து அளப்பேன். அளவை உயர்த்துவது எல்லாம் முடிந்த பிறகுதான்.

முதலில், இது அந்தப் பிழைதானா?

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். திரையில் "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று வந்தால் ஸ்டாக் நிரம்பவில்லை. ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஏதோ ஒரு அரேயின் எல்லையைத் தாண்டி எழுதியிருக்கிறீர்கள். அந்த அத்துமீறலைப் பிடிக்கக் கம்பைலர் வைத்த கேனரி என்ற அடையாள மதிப்பு அழிந்திருக்கிறது. அதற்கு மருந்து வேறு. ஸ்டாக்-புரொடெக்டர் ஆப்ஷனை இயக்கிவிட்டதால் ஸ்டாக் நிரம்புவதிலிருந்தும் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

லினக்ஸில் உறுதிசெய்ய எளிய வழி கர்னல் பதிவு. டிமெசேஜ் ஆணையில் வரும் செக்ஃபால்ட் (அனுமதியில்லாத முகவரியைத் தொட்ட பிழை) வரியில் இரண்டு முகவரிகளைப் பாருங்கள்: தவறிப் போய்த் தொட்ட முகவரி, எஸ்பி என்று குறிக்கப்படும் ஸ்டாக் சுட்டி. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் சந்தேகம் வலுக்கிறது. தொட்ட முகவரி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது சாதாரண வெற்றுச் சுட்டிப் பிழை; இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதைத் தேடுங்கள். அடுத்து ஜிடிபி என்ற பிழைதேடும் கருவிக்குள் நிரல் நிற்கும்போதே அதன் நினைவக வரைபடத்தைப் பாருங்கள். துணை த்ரெட்டின் ஸ்டாக் படிக்கவும் எழுதவும் அனுமதியுள்ள ஒரு பெரிய துண்டாகத் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, அனுமதிக் கட்டத்தில் மூன்று சிறு கோடுகளுடன், 4096 பைட் அளவில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதுதான் காவல் பக்கம்; தொட்டாலே நிரல் விழும். ஸ்டாக் மேலிருந்து கீழாக வளர்வதால், நிரம்பியதும் கால் வைப்பது அதன் மேல்தான். தொட்ட முகவரி அதற்குள் விழுந்தால் வழக்கு முடிந்தது. லினக்ஸ் 6.13இல் வந்த இலேசான காவல் வசதியை, பெரும்பாலான லினக்ஸ்களின் சி நூலகமான கிலிப்சி, 2.42 பதிப்பில் பயன்படுத்துகிறது, அந்தச் சேர்க்கையில் இந்தத் துண்டு வரைபடத்தில் தனியாகத் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதற்காகக் காவலே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

முதன்மை த்ரெட்டில் ஓடுகிறது, துணை த்ரெட்டில் விழுகிறது. அல்லது ஒரு இயங்குதளத்தில் ஓடுகிறது, இன்னொன்றில் விழுகிறது

கேட்காமல் கிடைக்கும் ஸ்டாக் அளவு இடத்துக்கு இடம் மாறுவதுதான் காரணம். லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமான வரம்பு 8 எம்பி. கிலிப்சி பயன்படுத்தும் நிரல்களில் துணை த்ரெட்டுகளும் நிரல் தொடங்கும்போது இருக்கும் அந்த வரம்பையே தம் அளவாக எடுத்துக்கொள்கின்றன. மேக் கணினியில் முதன்மைக்கு 8 எம்பி, துணைகளுக்கு வெறும் 512 கேபி. விண்டோஸில் எல்லோருக்கும் 1 எம்பி. ரஸ்ட் மொழியின் த்ரெட்டுகளுக்கு 2 எம்பி. அல்பைன் லினக்ஸில் கிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மசல் நூலகத்தில் துணை த்ரெட்டுக்குக் கிடைப்பது 128 கேபி மட்டுமே. கன்டெய்னரின் அளவைக் குறைக்க அல்பைனுக்கு மாறிய மறுநாளே நிரல் விழத் தொடங்கினால், வேறெங்கும் தேடாதீர்கள். 8 எம்பி மாளிகையில் வாழ்ந்த நிரலை ஒண்டுக்குடித்தனத்துக்குக் குடிமாற்றியிருக்கிறீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. யுலிமிட் ஆணையில் ஸ்டாக் வரம்பை "அன்லிமிடெட்" என்று வைத்தால் துணை த்ரெட்டுகளுக்கும் எல்லையில்லா இடம் கிடைக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. எல்லையில்லாத ஸ்டாக்கை ஒதுக்க வழியில்லாததால் கிலிப்சி தன் உள்ளிருப்பு அளவுக்குத் திரும்பிவிடுகிறது. எக்ஸ்86-64இல் அது 2 எம்பி. தாராளம் காட்டப்போய் இருந்த 8 எம்பியும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு அதற்குள்ளிருந்தே வரம்பை மாற்றினாலும், புதிய த்ரெட்டுகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஆகவே இயங்குதளத்தின் தயவை நம்பாமல், த்ரெட்டை உருவாக்கும் இடத்திலேயே பி-த்ரெட் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களின் த்ரெட் நூலகம்) பண்புகளின் வழியாக அளவைத் தெளிவாக எழுதிவிடுங்கள். குறியீட்டைத் தொட முடியாத இடங்களில், மசல் நூலகத்துக்கு லிங்கரின் ஸ்டாக்-சைஸ் ஆப்ஷன் உதவும். 8 எம்பி வரை அது கேட்கும்.

பேக்ட்ரேஸ் முடிவே இல்லாமல் நீள்கிறது

இது எளிய வகை. பேக்ட்ரேஸ் என்பது விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற பட்டியல்; ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் பிடிக்கும் இடம் ஃபிரேம். ஒரே ஃபங்ஷன், அல்லது இரண்டு மூன்று ஃபங்ஷன்களின் சுழற்சி, பல்லாயிரம் வரிகளுக்கு மீண்டும் மீண்டும் வரும். மேலிருந்து படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஜிடிபியில் பேக்ட்ரேஸ் ஆணைக்கு -20 என்று எண் கொடுத்தால் வெளிப்புற இருபது ஃபிரேம்கள் மட்டும் வரும். சுழலுக்குள் முதலில் யார் தள்ளினார்கள் என்பது அங்கே தெரியும்.

முடிவு நிபந்தனையை மறந்த ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) என்றால் திருத்திவிட்டுப் போகலாம். கவலை தருவது, சரியாகவே எழுதப்பட்டு உள்ளீட்டின் ஆழத்துக்கு ஏற்ப ஆழமாகப் போகும் ரிகர்ஷன். ஜேசான் பார்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளை வரிசையாக எழுதினால் கோப்பு 100 கேபிகூட இல்லை. ஒரு மட்டத்துக்கு 200 பைட் என்று வைத்தாலும் 20 எம்பி ஸ்டாக் வேண்டும். வெளியாள் யாரோ அனுப்பும் சின்னக் கோப்பு உங்கள் சேவையகத்தைச் சாய்த்துவிடும். இதற்கு ஸ்டாக்கை உயர்த்துவது தீர்வாகாது. அனுப்புகிறவர் அடைப்புக்குறிகளையும் உயர்த்துவார். ஆழத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், மீறினால் பிழை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

கண்ணில் படாத ரிகர்ஷன் ஒன்றும் இருக்கிறது: டெஸ்ட்ரக்டர், அதாவது பொருளை விடுவிக்கும்போது தானாக ஓடும் ஃபங்ஷன். சி++இல் யூனிக் பாயின்டரால் கோத்த இணைப்புப் பட்டியல், ரஸ்டில் பாக்ஸால் கோத்த பட்டியல் இரண்டிலும், தலையை விடுவித்தால் அது அடுத்ததை விடுவிக்கும், அது அதற்கடுத்ததை விடுவிக்கும். பத்து லட்சம் கணுக்கள் உள்ள பட்டியலைக் கட்டும்போது ஒன்றும் ஆகாது; கலைக்கும்போது ஸ்டாக் நிரம்பும். பட்டியலைக் கட்டியது முதன்மை த்ரெட், கடைசிப் பிடியை விட்டது துணை த்ரெட் என்றால் குழப்பம் முழுமை. லூப் போட்டு ஒவ்வொரு கணுவாகக் கழற்றி விடுவிக்கும் டெஸ்ட்ரக்டரைக் கையால் எழுதுங்கள். சி++க்கான லிப்எஸ்டிடிசி++ நூலகத்தின் ரெகெக்ஸ் (சரங்களில் வடிவம் தேடும்) பகுதியும் நீண்ட சரங்களில் இதே வழியில் ஆழமாகப் போகக்கூடியது. பேக்ட்ரேஸ் முழுக்க அதன் உள்ஃபங்ஷன்களாக இருந்தால் உங்கள் குறியீட்டில் குற்றம் தேட வேண்டாம்.

பேக்ட்ரேஸ் குட்டையாக இருக்கிறது. ஃபங்ஷனின் முதல் வரியிலேயே விழுகிறது

ரிகர்ஷன் இல்லை, ஏழெட்டு ஃபிரேம்கள்தான். ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும், ஒரு வரிகூட ஓடும்முன், விழுகிறது. யாரோ ஒருவர் பெரிய அரேயை உள்மாறியாக வைத்திருக்கிறார். அது பெரும்பாலும் லாக் எழுதும் ஃபங்ஷன். "64 கேபி போதும்" என்று எவரோ எப்போதோ முடிவுசெய்திருப்பார். மசலின் 128 கேபிக்குள் அப்படி இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்தால் கதை முடிந்தது.

இதைக் கண்ணால் தேடாமல் கம்பைலரிடம் கேளுங்கள். ஜிசிசியில் ஸ்டாக்-யூசேஜ் ஆப்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனின் ஃபிரேமும் எத்தனை பைட் என்று ஒரு கோப்பில் எழுதித் தரும். அதை எண்ணால் வரிசைப்படுத்தினால் முதல் பத்து வரிகளிலேயே குற்றவாளி நிற்பார். ஃபிரேம்-லார்ஜர்-தேன் எச்சரிக்கையை ஒரு வரம்புடன் நிரந்தரமாக வைத்துவிட்டால் நாளை இன்னொருவர் வந்து அதையே செய்ய முடியாது. நான் 8 கேபியில் தொடங்குவேன். நீளம் ஓட்டத்தின்போது முடிவாகும் அரேக்களும் (விஎல்ஏ), ஸ்டாக்கிலேயே இடம் ஒதுக்கும் அல்லோகாவும் இந்தக் கணக்கில் சரியாக அடங்குவதில்லை. விஎல்ஏ, அல்லோகா எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே ஆக்கி அவற்றை ஒழித்துவிடுவது நல்லது. அல்லோகா தோற்றால் வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தராது. தோற்றுவிட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது.

எங்கும் விழவில்லை, ஆனால் வேறொரு த்ரெட்டின் தரவு கெட்டுப்போகிறது

எல்லாவற்றிலும் கொடியது இது. இங்கே காவலர் தூங்கவில்லை. திருடன் அவரைத் தாண்டிக் குதித்துவிட்டான்.

காவல் பக்கம் 4096 பைட்தான் என்றேன். 64 கேபி அரே உள்ள ஒரு ஃபங்ஷன் ஸ்டாக்கின் அடிவிளிம்பில் அழைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் சுட்டி ஒரே தாவலில் 64 கேபி கீழே இறங்கும். அரேயின் மேற்பகுதியை யாரும் தொடாமல் கீழ்ப்பகுதியில் மட்டும் எழுதினால், காவல் பக்கத்தின் மேல் ஒரு பைட்கூடப் படாது. கீழே என்ன இருக்கிறது? லினக்ஸில் த்ரெட்டுகளின் ஸ்டாக்குகள் பெரும்பாலும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டியே அமைகின்றன. அதனால் நீங்கள் எழுதுவது அடுத்த த்ரெட்டுடைய ஸ்டாக்கின் உச்சியில். கிலிப்சி ஒவ்வொரு த்ரெட்டுக்குமான தனி மாறிகளையும் அதன் நிர்வாகத் தகவல்களையும் வைத்திருப்பது சரியாக அந்த உச்சியில்தான். அப்பாவி ஒருவனின் எர்ர்நோ (கடைசிப் பிழையின் எண்) திடீரென்று அர்த்தமில்லாத எண்ணாக மாறும். விழுகிறவன் அவன், குற்றவாளி இன்னொருவன்.

2017 ஜூனில் குவாலிஸ் நிறுவனம் "ஸ்டாக் கிளாஷ்" என்ற பெயரில் வெளியிட்ட பாதுகாப்பு ஆய்வு இந்தத் தாவலைத்தான் ஆயுதமாக்கிக் காட்டியது. அதன் பிறகு லினக்ஸ் கர்னல் முதன்மை ஸ்டாக்குக்குக் கீழே விடும் இடைவெளியை ஒரு பக்கத்திலிருந்து 256 பக்கங்களாக, அதாவது 1 எம்பியாக, உயர்த்தியது. துணை த்ரெட்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றின் காவல் உங்கள் பொறுப்பு.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, ஸ்டாக்-கிளாஷ்-புரொடெக்‌ஷன் ஆப்ஷனுடன் கம்பைல் செய்வது. ஜிசிசி 8 முதல் உண்டு. பெரிய ஃபிரேம் இறங்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கும்படி கம்பைலர் குறியீடு எழுதும். தாவல் நடையாகிவிடும், காவல் பக்கத்தை மிதிக்காமல் போக முடியாது. விண்டோஸ் கம்பைலர்கள் இதை நெடுங்காலமாகவே செய்கின்றன. ஆனால் நீங்கள் இணைக்கும் பழைய நூலகம் ஒன்று இந்த ஆப்ஷன் இல்லாமல் கம்பைல் ஆகியிருந்தால் அதற்குள் நடக்கும் தாவலை யாரும் தடுப்பதில்லை. அதற்காகத்தான் இரண்டாவது: த்ரெட் பண்புகளில் காவல் பகுதியின் அளவை 64 கேபி, வேண்டுமானால் 1 எம்பி என்று உயர்த்துவது. இது முகவரி வெளியை மட்டும் எடுக்கும், உண்மையான நினைவகத்தை அல்ல. பழைய கிலிப்சியில் இந்தப் பகுதி ஸ்டாக் அளவுக்குள்ளிருந்தே கழிக்கப்பட்டது. எனவே ஸ்டாக் அளவையும் அதே அளவு கூட்டிக் கொடுங்கள்.

காவலே இல்லாத நிலையும் உண்டு. த்ரெட்டுக்கான ஸ்டாக்கை நீங்களே ஒதுக்கி பி-த்ரெட்டிடம் கொடுத்தால், காவல் அளவு என்று நீங்கள் எழுதியது எதுவும் கணக்கில் வராது. கொடுத்தவர் நீங்கள், காவலும் நீங்களே போட வேண்டும். ஃபைபர், கோரூட்டீன் (நிரலே மாற்றி மாற்றி ஓட்டும் இலேசான ஓட்டங்கள்) நூலகங்களும் அப்படியே. பூஸ்ட் கான்டெக்ஸ்ட் என்ற நூலகத்தில் ஃபிக்ஸ்ட்சைஸ் ஸ்டாக் என்பதற்குக் காவல் கிடையாது. புரொடெக்டட் என்று தொடங்கும் வகைக்கு உண்டு.

எனக்கு இந்தப் பாடம் ஒரு பழைய வேலையிடத்தில் கிடைத்தது. மாலாக் மூலம் ஒரே பெரிய துண்டாக எடுத்து, அதைப் பகுதி பகுதியாக நறுக்கி, ஃபைபர்களுக்கு ஸ்டாக்காகக் கொடுத்திருந்தோம். வாரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு ஃபைபரின் தரவு கெடும். ஒவ்வொரு முறையும் வேறொரு இடம். பூட்டுகளைத்தான் சந்தேகித்தோம். ஏறக்குறைய இரண்டு வாரம் பூட்டுகளைப் படித்துப் படித்து, குற்றமற்ற குறியீட்டை மூன்று முறை மாற்றி எழுதினோம். கடைசியில் சலிப்பில் ஒருவர், ஒவ்வொரு பகுதியின் அடியிலும் ஒரு பக்கத்தின் அனுமதியை எம்-புரொடெக்ட் கொண்டு முழுவதுமாக நீக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் நிரல் விழுந்தது. விழுந்த இடம் லாக் ஃபங்ஷன். அன்று அந்த நிரல் விழுந்ததைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்த அளவுக்கு வேறு எந்த நிரலும் ஓடியதைப் பார்த்து நான் மகிழ்ந்ததில்லை.

நீங்களும் அப்படி ஒதுக்குவதானால் மாலாக் வேண்டாம். எம்-மேப் மூலம் பக்க எல்லையில் தொடங்கும் துண்டாக எடுத்து, கீழ்முனையில் ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ ஆன பக்கங்களை அனுமதியற்றதாக்கி, மீதியை மட்டும் ஸ்டாக்காகக் கொடுங்கள்.

கிராஷ் அறிக்கை எழுதும் ஹேண்ட்லர் ஓடவே இல்லை

மற்ற செக்ஃபால்ட்களுக்கெல்லாம் அழகாக அறிக்கை எழுதும் ஹேண்ட்லர், ஸ்டாக் நிரம்பும்போது மட்டும் மௌனமாகிவிடும். ஹேண்ட்லர் ஓடுவதற்கும் ஸ்டாக் வேண்டும். அது கேட்பதோ நிரம்பிப்போன அதே ஸ்டாக்கை. கர்னல் வேறு வழியின்றி நிரலைக் கொன்றுவிடுகிறது.

சிக்‌ஆல்ட்ஸ்டாக் மூலம் மாற்று ஸ்டாக் ஒன்றைப் பதிவுசெய்து, ஹேண்ட்லரை ஆன்-ஸ்டாக் குறியுடன் அமைக்க வேண்டும். இதுவரை பலரும் செய்துவிடுகிறார்கள். தவறுவது அடுத்த படி: மாற்று ஸ்டாக் த்ரெட்டுக்குத் த்ரெட் தனித்தனி. முதன்மை த்ரெட்டில் பதிவுசெய்தது துணைகளுக்குச் செல்லாது; ஒவ்வொரு த்ரெட்டும் தொடங்கியவுடன் தனக்கானதைப் பதிவுசெய்ய வேண்டும். அளவிலும் கவனம் தேவை. ஏவிஎக்ஸ்-512 உள்ள செயலிகளில் சேமிக்க வேண்டிய ரெஜிஸ்டர்களே பழைய 2048 பைட் குறைந்தபட்ச அளவைத் தாண்டிவிடும். கிலிப்சி 2.34 முதல் அந்த அளவு மாறிலியாக இல்லாமல் ஓட்டத்தின்போது கேட்டுப் பெறுவதாக மாறியதற்கு இதுதான் காரணம். நான் 64 கேபி கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுவேன்.

ஹேண்ட்லரிலிருந்து திரும்பி வந்து வேலையைத் தொடரும் எண்ணம் மட்டும் வேண்டாம். முகவரியை எழுதுங்கள், த்ரெட்டின் பெயரை எழுதுங்கள், முடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் முதல் முறை பிழை தெரிகிறது, இரண்டாம் முறை சத்தமின்றி மறைகிறது

முதல் முறை சி00000எஃப்டி என்ற பிழை எண் வரும். விண்டோஸின் காவல் பக்கம் ஒரு முறைதான் வெடிக்கும் பட்டாசு. பிழையைப் பிடித்து வேலையைத் தொடர்ந்தீர்கள் என்றால், ரீசெட்-எஸ்டிகே-ஓஎஃப்எல்டபிள்யூ ஃபங்ஷனை அழைத்துக் காவலை மீண்டும் நிறுவ வேண்டும். இல்லையேல் அடுத்த முறை சாதாரண அணுகல் மீறலாகவோ, நிரல் சுவடின்றி மறைவதாகவோதான் தெரியும். பிழையைப் பதிவுசெய்ய இடம் வேண்டுமானால் செட்-த்ரெட்-ஸ்டாக்-கேரண்டி மூலம் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். கிரியேட்-த்ரெட்டுக்குக் கொடுக்கும் அளவு, தனிக் குறி ஒன்றைச் சேர்க்காவிட்டால், முன்பதிவு அளவாக அல்லாமல் உடனே ஒப்படைக்கும் அளவாகவே எடுத்துக்கொள்ளப்படும். நூறு த்ரெட்டுகள் உள்ள நிரல் காரணமின்றி நினைவகத்தை விழுங்கினால் அங்கே பாருங்கள்.

அளவை மாற்றியபின் த்ரெட் உருவாகவே மறுக்கிறது

திரும்பி வரும் பிழையைப் படியுங்கள். இஇன்வால் என்றால் கேட்ட அளவு மிகச் சிறியது: கிலிப்சி த்ரெட்டின் தனி மாறிகளை அதே ஸ்டாக்கிலிருந்து வெட்டி எடுப்பதால், பெரிய த்ரெட்-லோக்கல் அரே உள்ள நூலகம் ஒன்று சேர்ந்ததும் நேற்றுவரை போதுமாக இருந்த 16 கேபி இன்று போதாமல் போகும். இஅகெயின் என்றால் வளம் தீர்ந்துவிட்டது. 32 பிட் நிரலில் 3 ஜிபி முகவரி வெளியை 8 எம்பியால் வகுத்தால் நானூறுக்கும் குறைவான த்ரெட்டுகளே தேறும். 64 பிட்டில் முகவரி வெளி தாராளம். அங்கே முதலில் முட்டுவது த்ரெட் எண்ணிக்கை வரம்பாகவோ, கர்னலின் வழக்கமான 65530 என்ற நினைவகத் துண்டு வரம்பாகவோ இருக்கலாம். ஸ்டாக்குக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என இரண்டு துண்டுகள் செலவாவதால் சுமார் முப்பத்திரண்டாயிரம் த்ரெட்டுகளில் அது தீரும். அத்தனை த்ரெட்டுகள் ஏன் என்ற கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

டீபக் பில்டில் மட்டும், அல்லது சானிடைசருடன் மட்டும் விழுகிறது

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் ஒவ்வொரு உள்மாறியைச் சுற்றியும் வேலி போடுவதால் ஃபிரேம்கள் பெரிதாகின்றன. டீபக் பில்டில் வால் அழைப்புகள் (ஃபங்ஷனின் கடைசிச் செயலாக வரும் அழைப்புகள்) லூப்பாக மாற்றப்படுவதில்லை. இரண்டுக்கும் ஸ்டாக்கைச் சோதனைப் பில்டில் மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் வெளியீட்டுப் பில்ட் ஓடுவது கம்பைலர் வால் அழைப்பை மாற்றித் தந்ததால் மட்டுமே என்றால், அதை லூப்பாக நீங்களே எழுதிவிடுங்கள்.

ஜாவா, கோ, பைத்தான்

இவற்றில் மொழியே காவல் காக்கிறது, ஒரு எல்லை வரை. ஜாவா ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎர்ரர் எறியும். எக்ஸ்எஸ்எஸ் ஆப்ஷன் அளவை மாற்றும். கோ மொழியின் கோரூட்டீன் 2 கேபியில் தொடங்கித் தானே வளர்ந்து, 64 பிட்டில் 1 ஜிபியில் நின்று செய்தியுடன் விழும். பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு 1000. அதை லட்சமாக உயர்த்தினால் அழகான பிழைச்செய்திக்குப் பதில் செக்ஃபால்ட் கிடைக்கலாம். மூன்றிலும் சி மொழி நூலகத்துக்குள் அழைப்பு இறங்கிய கணத்திலிருந்து மேலே சொன்ன எல்லாமே பொருந்தும்.

சிறிய போர்டில், ஆர்டிஓஎஸ் (சிறு கருவிகளுக்கான நிகழ்நேர இயங்குதளம்) மேல், விசித்திரமாக நடந்துகொள்கிறது

காவல் பக்கம் போட மெய்நிகர் நினைவகமே இல்லாத உலகம் இது. ஃப்ரீஆர்டிஓஎஸில் முதலில் பார்க்க வேண்டியது அலகு: எக்ஸ்-டாஸ்க்-கிரியேட் கேட்பது பைட் அல்ல, வேர்ட். 32 பிட் கட்டுப்படுத்தியில் 512 என்றால் 2048 பைட். எஸ்பிரெசிஃபின் இஎஸ்பி-ஐடிஎஃப் மட்டும் பைட்டிலேயே கேட்கும். வழக்கமான ஃப்ரீஆர்டிஓஎஸிலிருந்து அதற்குக் குறியீட்டை நகர்த்தும்போது ஸ்டாக் நான்கில் ஒன்றாகிவிடும்.

அடுத்து, நிரம்பலைச் சோதிக்கும் அமைப்பை 2 என்ற மதிப்பில் வையுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் ஸ்டாக்கை ஏ5 என்ற மதிப்பால் நிரப்பி, டாஸ்க் மாறும்போதெல்லாம் கடைசி 16 பைட் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். இதையும் தாண்டிக் குதிக்க முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கார்டெக்ஸ்-எம்33 செயலியில் ஸ்டாக் எல்லையைக் காக்கத் தனி ரெஜிஸ்டரே இருக்கிறது. பழைய கார்டெக்ஸ்களில் எம்பியு (நினைவகக் காப்பு அலகு) இருந்தால் அதில் ஒரு சிறு பகுதியைக் காவலாக வைக்கலாம்.

அளக்க ஹை-வாட்டர்-மார்க் ஃபங்ஷன் உண்டு. அது திருப்பித் தருவது இதுவரை மிஞ்சிய மிகக் குறைந்த இடம், அதுவும் வேர்டில். இதே உத்தியைப் பெரிய கணினியிலும் கையாளலாம்: நீங்களே ஒதுக்கிய ஸ்டாக்கை ஒரு தெரிந்த மதிப்பால் நிரப்பி, த்ரெட் முடிந்தபின் அடியிலிருந்து எத்தனை பைட் அழியாமல் இருக்கிறது என்று எண்ணுங்கள். சோதனைக்கு ஓட்டும்போது பிழை நேரும் பாதைகளையும் வேண்டுமென்றே ஓட்டுங்கள். வழக்கமான பாதையில் 3 கேபி தின்னும் டாஸ்க், பிழை வந்து அதை வடிவமைத்து லாக்கில் எழுதப் போகும்போதுதான் 7 கேபி தின்னும்.